பதின்மூன்று பெட்டிகளும் ஒரு பொத்தானும்

'டாக்டர் ஹூ' தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயமான 'தி டே ஆஃப் தி டாக்டர்' 2013 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பானது. அதைப் பற்றிய வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. எந்தப் பழைய நடிகரை அழைத்திருக்க வேண்டும், யாருக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது, முப்பரிமாணக் காட்சிகள் தேவைதானா, முதலாம் எலிசபெத் அரசியை வைத்துச் செய்த நகைச்சுவை எடுபட்டதா என்று ரசிகர்கள் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி மேல்மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. அவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்தால் ஒரே ஒரு கேள்விதான் எஞ்சுகிறது. எட்டு ஆண்டுகளாக ஒரு நாயகனின் தோளில் ஏற்றிவைத்திருந்த பெரும்பாவத்தை, பிறந்தநாள் கொண்டாட்டத்தைச் சாக்காக வைத்து இறக்கிவிடக் கதாசிரியருக்கு உரிமை உண்டா? உண்டு என்பதே என் கட்சி. ஆனால் எதிர்க்கட்சியினர் சொல்வதில் பாதியாவது நியாயம் என்றும் நினைக்கிறேன். அந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடரை அறியாதவர்களுக்குச் சில வரிகள் சொல்ல வேண்டும். அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள், 1963 நவம்பர் 23 சனிக்கிழமை மாலையில், பிபிசி இதன் முதல் அத்தியாயத்தை ஒளிபரப்பியது. அந்தச் செய்தியின் பரபரப்பில் பலர் தவறவிட்டிருப்பார்கள் என்று கருதி, அடுத்த வாரம் இரண்டாம் அத்தியாயத்துக்கு முன்னதாக முதலாவதை மறுபடியும் காட்டினார்கள். வெரிட்டி லாம்பர்ட் தயாரிக்க, லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன் அதை இயக்கினார். டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் ஒரு வேற்றுக்கிரகவாசி, காவல்துறையின் நீலநிறத் தொலைபேசிப் பெட்டியின் உருவில் இருக்கும் டார்டிஸ் என்ற வாகனத்தில் காலத்தையும் வெளியையும் கடந்து அலைகிறார் என்பதே கதைக்கரு. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் 1966-இல் உடல்நலக் குறைவால் விலக வேண்டியிருந்தபோது, சாகும் தறுவாயில் டாக்டர் வேறொரு உடலுக்கு மாறுவார் என்று கதையிலேயே ஒரு வழி செய்துகொண்டார்கள். ரசிகர்கள் ரீஜெனரேஷன் என்று சொல்லும் இந்த உருமாற்றம்தான் தொடரை இவ்வளவு காலம் வாழவைத்தது. ஆண்டுவிழா என்றாலே பல டாக்டர்கள் ஒரே கதையில் சந்திக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதிலிருந்தே பிறந்தது.

அந்த எதிர்பார்ப்பை முதலில் நிறைவேற்றியது, 1972 டிசம்பரின் கடைசியில் தொடங்கிப் பத்தாம் ஆண்டைக் கொண்டாடிய 'தி த்ரீ டாக்டர்ஸ்'. ஹார்ட்னெல் அப்போது மிகவும் நலிந்திருந்ததால் அவருடைய காட்சிகளைத் தனியாகப் படமெடுத்து, மற்ற இருவரோடும் அவர் ஒரு திரையின் வழியாக மட்டுமே பேசுவதாக அமைத்தார்கள். அதுவே அவர் நடித்த கடைசிப் பாத்திரமாகவும் ஆனது. இருபதாம் ஆண்டில் டெர்ரன்ஸ் டிக்ஸ் எழுதிய 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' வந்தது. ஹார்ட்னெல் 1975-இலேயே காலமாகிவிட்டிருந்ததால் ரிச்சர்ட் ஹர்ண்டால் அவருடைய இடத்தில் நடித்தார். நான்காவது டாக்டராக நடித்த டாம் பேக்கர் வர மறுத்துவிட்டார். வேலைநிறுத்தத்தால் 1979-இல் பாதியில் கைவிடப்பட்ட 'ஷாடா' கதையின் காட்சித் துண்டுகளைக்கொண்டு அவருடைய இடத்தை நிரப்பினார்கள். விளம்பரத்துக்கான குழுப்படத்தில் அவருடைய மெழுகுச் சிலைதான் நின்றது. இருபத்தைந்தாம் ஆண்டுக்கென்று அறிவித்து எடுத்த 'சில்வர் நெமிசிஸ்' சைபர்மேன்களையும் நாஜிகளையும் ஒரு வெள்ளி அம்பையும் கலந்து கட்டிய கதம்பம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முப்பதாம் ஆண்டில் தொடரே ஒளிபரப்பில் இல்லை. ஒரு தொண்டு நிகழ்ச்சிக்காக 'ஈஸ்ட்எண்டர்ஸ்' நாடகத்தோடு சேர்த்துத் தைத்த 'டைமென்ஷன்ஸ் இன் டைம்' என்ற குறும்படம் மட்டுமே கிடைத்தது. அதைக் கனிவோடு நினைவுகூரும் ரசிகரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த வரிசையைப் பார்த்தாலே ஒன்று புலப்படும். முந்தைய ஆண்டுவிழாக் கதைகள் பழைய முகங்களைக் கூட்டின, மோதவிட்டன, சிரிக்கவைத்தன. ஆனால் டாக்டர் யார் என்பதைப் பற்றி அவை எதையும் மாற்றவில்லை. கதை முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் பெட்டியில் ஏறிப் போனார்கள். ஐம்பதாம் ஆண்டுக்கதைதான் விருந்தினரை வரவேற்கும் சாக்கில் வீட்டின் அஸ்திவாரத்தையே தோண்டியது.

தோண்டுவதற்கு அங்கே என்ன இருந்தது என்றால், 1989-இல் நின்றுபோன தொடரை ரஸ்ஸல் டி. டேவிஸ் 2005-இல் மீட்டெடுத்தபோது புதைத்துவைத்த ஒரு பிணம். இடைப்பட்ட காலத்தில் டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளுக்கும் டாக்டரின் இனமான டைம் லார்டுகளுக்கும் இடையே மாபெரும் காலப்போர் நடந்து, டாக்டரின் சொந்தக் கிரகமான காலிஃப்ரே அழிந்துவிட்டது, எஞ்சியவர் அவர் ஒருவரே என்று டேவிஸ் வைத்தார். இரு தரப்பையும் சேர்த்து எரித்தது டாக்டரின் கைதான் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. பழைய தொடரின் சிக்கலான வரலாறு புதிய பார்வையாளரை மிரட்டிவிடாதபடி ஒரே வீச்சில் துடைத்தெறிவதற்கு அது உதவியது என்பது தொழில்நுட்பக் காரணம். அதைவிட முக்கியமாக, அதன்பின் அடுத்தடுத்து டாக்டராக நடித்த கிறிஸ்டோஃபர் எக்கில்ஸ்டனின் கடுகடுப்புக்கும், டேவிட் டென்னன்டின் சிரிப்புக்குப் பின்னால் தெரியும் சூனியத்துக்கும், மேட் ஸ்மித்தின் குழந்தைத்தனத்துக்கு அடியில் கிடக்கும் முதுமைக்கும் அந்தக் குற்றவுணர்வே ஊற்றுக்கண்ணாக இருந்தது.

டேவிஸுக்குப் பின் பொறுப்பேற்ற ஸ்டீவன் மொஃபட், ஐம்பதாம் ஆண்டில் அந்த நாளுக்கே நம்மை அழைத்துச் சென்றார். எக்கில்ஸ்டன் மீண்டும் நடிக்க இணங்கவில்லை. ஆகவே பால் மெக்கானின் எட்டாவது டாக்டருக்கும் எக்கில்ஸ்டனின் டாக்டருக்கும் நடுவே, யாரும் அறியாத ஒரு டாக்டர் இருந்தார், போரில் தான் செய்த காரியத்தால் அந்தப் பெயரையே துறந்துவிட்டார் என்று கற்பித்து, அந்தப் பாத்திரத்தை ஜான் ஹர்ட்டுக்குக் கொடுத்தார். நடிகர் கிடைக்காத நெருக்கடியில் பிறந்த இந்தத் தீர்வு, திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது என்பது என் எண்ணம். எக்கில்ஸ்டனே வந்திருந்தால் 2005-இல் நாம் நேசித்த ஒரு மனிதரின் பழைய முகத்தைப் பார்த்திருப்போம். ஹர்ட்டின் களைத்த முகத்தில் எந்த முன்னறிமுகமும் இல்லை. ஐம்பது ஆண்டுகளாக யாரும் பேசாமல் ஒளித்துவைத்த ஒருவர் என்பதை அந்த முகத்தைக் கண்டதுமே நம்ப முடிந்தது. இதற்கு எதிராகச் சொல்லப்படும் குறையும் எனக்குத் தெரியும். அதுவரை தன் செயலுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டிருந்த டாக்டர்களின் கையைக் கழுவிவிட்டு, பழி முழுவதையும் ஒரு புதியவரின் தலையில் கட்டியது தந்திரம் அல்லவா என்கிறார்கள். கதை முடியும்போது டென்னன்டின் டாக்டரும் ஸ்மித்தின் டாக்டரும் அவரை டாக்டர் என்றே ஏற்றுக்கொள்வதால் அந்தக் குறைக்குக் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது.

கதையை மிகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலிஃப்ரேயின் இரண்டாம் பெருநகரான ஆர்கேடியா வீழ்ந்துகொண்டிருக்கும் நாளில், ஹர்ட் நடித்த போர் டாக்டர் 'தி மொமெண்ட்' என்ற பேரழிவு ஆயுதத்தைத் திருடிக்கொண்டு பாலையிலுள்ள ஒரு களஞ்சியத்துக்குப் போகிறார். அந்த ஆயுதத்துக்கு மனசாட்சி உண்டு. நடிகை பில்லி பைப்பரின் உருவில் தோன்றும் அது, பொத்தானை அழுத்துவதற்கு முன், அழுத்திய பிறகு அவர் எப்படிப்பட்ட மனிதராக ஆவார் என்பதை அவருக்குக் காட்ட விரும்பி, எதிர்காலத்தின் இரண்டு டாக்டர்களிடம் அவரை அனுப்பிவைக்கிறது. மூவரும் சந்தித்து, சச்சரவிட்டு, எவருடைய உருவத்தையும் எடுக்கக்கூடிய ஸைகான்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் பூமியைக் கைப்பற்றாமல் தடுத்து, இறுதியில் அதே களஞ்சியத்துக்குத் திரும்புகிறார்கள். அங்கே பொத்தான் அழுத்தப்படவில்லை. அதற்குப் பதிலாக, டாக்டரின் எல்லாப் பிறவிகளும், இனி வரவிருந்த பீட்டர் கபால்டியின் கண்கள் உட்படப் பதின்மூன்று பேரும், தங்கள் டார்டிஸ்களோடு வானில் கூடிக் காலிஃப்ரேயை அப்படியே ஒரு கணத்துக்குள் உறையவைத்து மறைத்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பாளர்களின் முதல் வாதம் 2005-ஆம் ஆண்டுப் பருவத்தின் கடைசி அத்தியாயமான 'தி பார்ட்டிங் ஆஃப் தி வேஸ்' கதையிலிருந்து வருகிறது. அதில் எக்கில்ஸ்டனின் டாக்டர் டாலெக்குகளை அழிக்கும் ஒரு அலையை உருவாக்குகிறார்; அதை ஏவினால் பூமியிலுள்ள மனிதர்களும் சேர்ந்து சாவார்கள். நீ கொலைகாரனா கோழையா என்று டாலெக் பேரரசர் கேட்க, எந்நாளும் கோழைதான் என்று சொல்லி அவர் கையை எடுத்துவிடுகிறார். ஒருமுறை அழுத்தியவர் மறுமுறை அழுத்த மறுப்பதில்தான் அந்தக் காட்சியின் கனம் இருக்கிறது. அவர் முதல்முறையும் அழுத்தவே இல்லை என்று எட்டு ஆண்டுகள் கழித்துச் சொன்னால், அந்த மறுப்பு திருந்தியவனின் மறுப்பாக இல்லாமல் போய்விடுகிறதே என்பது அவர்கள் வருத்தம். நான் மதிக்கும் வாதம் இது.

இதற்கு மறுமொழியாக வழக்கமாகச் சொல்லப்படுவது, டாக்டர் இனப்படுகொலை செய்யவே மாட்டார், ஆகவே மொஃபட் அவரைத் தன் இயல்புக்கே திருப்பிக்கொண்டுவந்தார் என்பது. இந்த மறுமொழியை என்னால் ஏற்க முடியவில்லை. 1975-இன் 'ஜெனசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' கதையில் இரண்டு மின்கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, இவற்றைத் தொடவைத்து ஓர் இனத்தையே அழிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று டாம் பேக்கரின் டாக்டர் தயங்கும் காட்சியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் 1988-இன் 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' கதையில் சில்வெஸ்டர் மெக்காயின் டாக்டர் சூழ்ச்சி செய்து டாலெக்குகளின் சொந்தக் கிரகமான ஸ்காரோவை அழிக்கவைத்ததைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். இருபத்தைந்தாம் ஆண்டில் வந்த இந்தக் கதையே, என் பார்வையில், 'சில்வர் நெமிசிஸ்' தவறவிட்ட ஆண்டுவிழாவை உண்மையில் கொண்டாடியது. அது 1963-இன் முதல் கதையில் வந்த பள்ளிக்கூடத்துக்கும் பழைய இரும்புக்கடைக்கும் திரும்பிச் செல்கிறது. ஆக, டாக்டரின் இயல்பு என்று கல்வெட்டில் பொறித்த எதுவும் கிடையாது. ஒவ்வொரு காலத்துக் கதாசிரியரும் அவரை ஒரு பொத்தானுக்கு முன்னால் நிறுத்தித் தமக்குத் தோன்றியபடி சோதித்திருக்கிறார்கள்.

என்னுடைய மறுமொழி வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. 2008-இல் வந்த 'தி ஃபயர்ஸ் ஆஃப் பாம்பேய்' கதையில், உலகத்தைக் காக்க வெசுவியஸ் எரிமலையை வெடிக்கவைத்தே தீர வேண்டிய நிலையில் டென்னன்டின் டாக்டர் நெம்புகோல் முன் நிற்பார். அப்போது அவருடைய பயணத் தோழி டோனா தன் கைகளை அவர் கைகளின் மேல் வைத்து அவரோடு சேர்ந்து அழுத்துவாள். ஐம்பதாம் ஆண்டுக்கதையின் களஞ்சியக் காட்சியில் போர் டாக்டர் தனியாகப் பொத்தானை அழுத்தத் தயாராகும்போது, மற்ற இரு டாக்டர்களும் வந்து அவருடைய கையோடு தங்கள் கைகளையும் சேர்க்கிறார்கள். நெடுங்காலமாக வெறுத்து ஒதுக்கிய தங்கள் பழைய உருவத்திடம், நீ தனியாகச் செய்ய வேண்டியதில்லை என்று அவர்கள் சொல்லும் அந்தக் கணத்தில் மன்னிப்பு கிடைத்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கணம் வரை மூவரும் அழுத்துவதாகவே இருந்தார்கள். காலிஃப்ரே தப்பியது அதற்குப் பிறகு நடக்கும் வேறு நிகழ்ச்சி. குற்றம் நடக்கவில்லை என்பதனால் அவர்களுக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை. குற்றத்தைப் பகிர்ந்துகொள்ள முன்வந்ததனால் கிடைத்தது. அந்த வரிசையை மொஃபட் மாற்றி வைத்திருந்தால் எதிர்ப்பாளர்களின் பக்கம் நானும் நின்றிருப்பேன்.

கையைத் தடுத்து நிறுத்துவது ஸ்மித்தின் டாக்டருடைய பயணத் தோழி கிளாரா. அவள் வாதம் எதுவும் செய்வதில்லை. நீங்கள் இதைச் செய்ததாகச் சொன்னீர்கள், ஆனால் நீங்களே செய்வதாக நான் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை என்று கலங்கிய கண்களோடு சொல்கிறாள், அவ்வளவுதான். ஜென்னா கோல்மன் அந்தக் காட்சியை மிகையின்றி நடித்திருக்கிறார். அதைத் தொடர்ந்து நினைவூட்டப்படும் உறுதிமொழியில், கொடுமையோ கோழைத்தனமோ இல்லாதவர் என்று டெர்ரன்ஸ் டிக்ஸ் முன்பு டாக்டரை வர்ணித்த சொற்களை மொஃபட் எடுத்தாண்டிருக்கிறார். எந்நாளும் கோழைதான் என்று 2005-இல் சொன்ன டாக்டருக்கும் இந்த உறுதிமொழிக்கும் நேரடி முரண் இருப்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசினால் நன்றாக இருக்கும்.

நினைவு பற்றிய ஏற்பாடும் முக்கியம். காலக்கோடுகள் ஒத்திசையாததால், காலிஃப்ரே காப்பாற்றப்பட்டது போர் டாக்டருக்கோ டென்னன்டின் டாக்டருக்கோ நினைவில் இருக்காது. தாம் எரித்ததாகவே எண்ணிக்கொண்டு அவர்கள் திரும்பிச் செல்வார்கள். ஆகவே 2005 முதல் நாம் பார்த்த ஒவ்வொரு துயரமும் அந்தந்தக் கணத்தில் உண்மையாகவே அனுபவிக்கப்பட்டது. பழைய கதைகளில் ஒரு வசனத்தைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. இதை வெறும் வசதியான ஒட்டுவேலை என்று சிலர் இகழ்கிறார்கள். எனக்கு அதில் ஒரு கொடூரம் தெரிகிறது. செய்யாத கொலைக்காக நூற்றாண்டுக்கணக்கில் தன்னைத் தண்டித்துக்கொள்ளப் போகும் ஒருவர், தான் செய்யவில்லை என்பதைச் சில நிமிடங்கள் மட்டும் அறிந்திருந்து, பிறகு அதையும் இழக்கிறார். ஜான் ஹர்ட் அந்தச் சில நிமிடங்களை ஒரு புன்னகையோடு கடந்துபோகிறார்.

அத்தியாயத்தின் மிகச் சிறந்த காட்சி சிறைக்குள் நடக்கிறது. அன்று காலிஃப்ரேயில் எத்தனை குழந்தைகள் இருந்தார்கள், எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா என்று போர் டாக்டர் மற்ற இருவரையும் கேட்கிறார். ஸ்மித்தின் டாக்டர் தெரியாது என்கிறார். டென்னன்டின் டாக்டர் 247 கோடி என்று சொல்லி, நீ மறந்தா போனாய் என்று அவர்மீது பாய்கிறார். ஒரே மனிதர் ஒரு கட்டத்தில் வருந்தி அழுகிறார், இன்னும் நானூறு ஆண்டுகள் போனதும் அதை மறந்து வாழக் கற்றுக்கொள்கிறார். இந்த இரண்டில் எது பெரிய துரோகம் என்று அந்தக் காட்சி நம்மைக் கேட்கிறது. பல டாக்டர்கள் சந்திக்கும் கதைகளில் வழக்கமாக நடக்கும் உடைக் கேலிகளும் மூக்குத் தாடைக் கிண்டல்களும் இதற்குச் சற்று முன்வரை ஓடிக்கொண்டிருந்ததால், அந்தத் திருப்பம் இன்னும் கூர்மையாக இறங்குகிறது.

அதே சிறையில்தான் தீர்வுக்கான வித்தும் ஊன்றப்படுகிறது. மரக்கதவைத் தகர்க்க டாக்டரின் கைக்கருவியான சோனிக் ஸ்க்ரூடிரைவரில் ஒரு கணக்கு ஓட வேண்டும். அது முடிய நூற்றாண்டுகள் ஆகும். ஆனால் மூவரிடமும் இருப்பது அடிப்படையில் ஒரே கருவி என்பதால், காலத்தால் முந்தியவர் இப்போது தொடங்கும் கணக்கு பிந்தியவரின் கையில் ஏற்கெனவே முடிந்திருக்கிறது. கணக்கு முடிந்து ஆயத்தமாகும் நேரத்தில் கிளாரா கதவைச் சும்மா தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறாள். அது பூட்டப்படவே இல்லை. நகைச்சுவைக்காக வைத்ததுபோல் தோன்றும் இந்தத் துணுக்கு, கடைசியில் ஒரு கிரகத்தையே உறையவைக்கும் கணக்கை முதல் டாக்டர் தொடங்கிப் பன்னிரண்டாமவர் முடித்துவைப்பதற்கான விதியை நமக்குக் கற்றுத் தந்துவிடுகிறது. உறையவைக்கும் உத்தியும் அப்படியே, ஸைகான்கள் ஒளிந்திருந்த முப்பரிமாண ஓவியங்களின் வழியாக முன்பே அறிமுகமாகிறது. வானத்திலிருந்து திடீரென்று குதித்த தீர்வு என்று இதைக் குறைசொல்பவர்கள் மறுபடியும் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஸைகான் பகுதியே தேவையில்லை என்ற குற்றச்சாட்டிலும் எனக்குப் பாதி உடன்பாடுதான். லண்டனுக்கு அடியிலுள்ள கறுப்பு ஆவணக்காப்பகத்தில், ஸைகான்கள் கையில் ஆயுதங்கள் சிக்காமலிருக்க நகரத்தையே அணுகுண்டால் தகர்க்க, வேற்றுக்கிரக ஆபத்துகளைக் கையாளும் யூனிட் அமைப்பின் தலைவி கேட் ஸ்டூவர்ட் முடிவெடுக்கிறாள். கோடிக்கணக்கானவரைக் காக்க லட்சக்கணக்கானவரைக் கொல்லலாம் என்ற அவளுடைய கணக்கு, களஞ்சியத்தில் போர் டாக்டர் போட்ட அதே கணக்கு. டாக்டர்கள் அங்கிருக்கும் எல்லோருடைய நினைவையும் குழப்பி, யார் மனிதர் யார் ஸைகான் என்று யாருக்குமே தெரியாதபடி செய்து, இரு தரப்புக்கும் நியாயமான ஓர் உடன்படிக்கையைப் பேசவைக்கிறார்கள். பெரிய சிக்கலின் சிறிய நகலாக அது அழகாகவே பொருந்துகிறது. குறை என்னவென்றால், அந்த உடன்படிக்கை என்ன ஆயிற்று என்று சொல்லாமலே கதை அதைக் கைவிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. 2015-இல் வந்த இரண்டு ஸைகான் அத்தியாயங்களில்தான் அதற்கு விடை கிடைத்தது.

எதிர்ப்பாளர்களிடம் நான் முழுமையாகத் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. 2010 ஜனவரி முதல் நாள் ஒளிபரப்பான 'தி எண்ட் ஆஃப் டைம்' இரண்டாம் பகுதியில், போரின் கடைசி நாளில் டைம் லார்டுகள் எப்படி ஆகியிருந்தார்கள் என்பதை டேவிஸ் காட்டினார். டிமோத்தி டால்ட்டன் நடித்த ரஸிலான் தலைமையில் அவர்கள், தாங்கள் மட்டும் உடலற்ற அறிவாக உயர்வதற்காகக் காலத்தையே முடித்துவைக்கத் துணிந்திருந்தார்கள். டாக்டர் டாலெக்குகளிடமிருந்து மட்டுமல்லாமல் தன் இனத்திடமிருந்தும் பிரபஞ்சத்தைக் காக்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி கடினமானது. மொஃபட் அதை, மேல்சபையின் திட்டங்கள் தோற்றுவிட்டன என்ற ஒரு வசனத்தோடு ஓரங்கட்டிவிட்டு, அழும் குழந்தைகளை முன்னால் நிறுத்துகிறார். குழந்தைகளைக் கொல்லலாமா என்று கேட்டால் யாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். கிரகம் மறைந்ததும் சுற்றி நின்ற டாலெக் கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு அழிந்துபோகும் என்ற போர்த்தந்திரமும் அப்படித்தான். பெருக்கல் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுக் கூட்டலில் கோட்டைவிட்ட மாதிரி இருக்கிறது.

பழைய டாக்டர்கள் புறக்கணிக்கப்பட்டார்கள் என்ற மனக்குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் மூவரும் இந்த அத்தியாயத்தில் பழைய காட்சித் துண்டுகளாக மட்டுமே வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டு நடித்த 'தி ஃபைவ்இஷ் டாக்டர்ஸ் ரீபூட்' என்ற குறும்படம் அதே நாளில் வெளிவந்தது. டேவிசன் அதை எழுதி இயக்கினார். பால் மெக்கானுக்கு 'தி நைட் ஆஃப் தி டாக்டர்' என்ற ஏழு நிமிடக் குறும்படம் ஒன்பது நாட்களுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1996-இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படத்தோடு நின்றுபோன அவருடைய டாக்டருக்கு அந்த ஏழு நிமிடங்கள் ஒரு முழு வாழ்க்கையைத் தந்தன. முப்பது ஆண்டுகளுக்கு முன் அழைப்பை மறுத்து மெழுகுச் சிலையை அனுப்பிவைத்த டாம் பேக்கர், எழுபத்தொன்பது வயதில், ஓவியக்கூடத்தின் காப்பாளராகக் கடைசிக் காட்சியில் நடந்துவருகிறார். அவர் டாக்டரின் எதிர்காலப் பிறவியா, வேறு யாரோவா என்பதைக் கதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதே சரி.

எண்களைப் பற்றிய சண்டைக்கு ஒரு பத்தி போதும். டைம் லார்டுகளால் பன்னிரண்டு முறைதான் உருமாற முடியும் என்று 1976-இன் 'தி டெட்லி அசாசின்' விதித்திருந்தது. போர் டாக்டரையும், 2008-இல் டென்னன்டின் டாக்டர் முகம் மாறாமலே செலவழித்த ஓர் உருமாற்றத்தையும் கணக்கில் சேர்த்ததால் ஸ்மித்தே கடைசி டாக்டர் என்றாகி, அடுத்த மாதமே கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் காலிஃப்ரேயே அவருக்குப் புதிய உயிர்ச்சுழற்சியைத் தர வேண்டிவந்தது. கணக்குப் புத்தகத்தோடு தொடரைப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய விவகாரம்.

ரசிகர்களின் பெருவாரியான தீர்ப்பு என்னவோ அன்றே வந்துவிட்டது. 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாகிக் கின்னஸ் சாதனை படைத்த இந்த அத்தியாயத்தை, 2014-இல் 'டாக்டர் ஹூ மேகசின்' நடத்திய வாக்கெடுப்பில் ஐம்பது ஆண்டுக் கதைகளிலேயே முதலிடத்தில் வைத்தார்கள். கொண்டாட்டத்தின் சூடு ஆறுமுன் எடுத்த வாக்கு என்பதால் நான் அதை ஆதாரமாகக் காட்டமாட்டேன். முதல் பத்துக்குள் மட்டும் வைத்திருப்பேன்.

அதன் மதிப்பைக் குறைத்தது பின்னால் வந்த கதைகள்தான். ஸ்மித்தின் டாக்டர் காலிஃப்ரேயைத் தேடிப் புறப்படுவதாக ஐம்பதாம் ஆண்டுக்கதை முடிகிறது. ஆண்டுக்கணக்கில் நீளக்கூடிய ஒரு தேடலுக்கான வாக்குறுதி அது. ஆனால் 2015-இன் 'ஹெல் பெண்ட்' கதையில் அந்தக் கிரகம் கிளாராவைப் பற்றிய வேறொரு கதைக்குப் பின்புலமாக வந்துபோனது. 2020-இல் கிறிஸ் சிப்னல் பொறுப்பில் இருந்தபோது, டாக்டரின் பழைய எதிரியான மாஸ்டர் அதை மறுபடியும் எரித்துச் சாம்பலாக்கிவிட்டதாகச் சொன்னார்கள். பதின்மூன்று பேர் கூடிக் காத்த ஊர், திரைக்குப் பின்னால் நடந்த ஒரு நிகழ்ச்சியில் அழிந்தது. அதற்கான பழியை மொஃபட்டின் மேல் போடுவது நியாயமில்லை என்றாலும், காப்பாற்றியதை வைத்து என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அறுபதாம் ஆண்டில் டேவிஸ் திரும்பிவந்து 2023 நவம்பர் 25 முதல் டிசம்பர் 9 வரை மூன்று சிறப்பு அத்தியாயங்களைத் தந்தார். அவற்றின் கடைசியான 'தி கிகிள்' கதையில் டென்னன்டின் டாக்டர் உருமாறாமல் இரண்டாகப் பிரிந்து, ஷூட்டி கட்வா புதிய டாக்டராகப் புறப்பட்டுப்போக, பழையவர் டோனாவின் குடும்பத்தோடு தங்கிவிடுகிறார். களைத்துப்போன டாக்டருக்கு ஓய்வு தருவதுதான் நோக்கம் என்பது புரிகிறது. ஆனால் களஞ்சியத்தில் கைமேல் கைவைத்தபோது எதையோ இழக்கத் தயாராக இருந்தார்கள். இங்கே யாரும் எதையும் இழக்கவில்லை. மூன்றில் நடுவில் வந்த, ஏறக்குறைய இரண்டே பாத்திரங்களோடு ஓர் ஆளில்லாத கப்பலில் நடக்கும் 'வைல்ட் ப்ளூ யாண்டர்' மட்டுமே எனக்கு நிறைவளித்தது. அது ஆண்டுவிழாவைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

ஐம்பதாம் ஆண்டு அத்தியாயத்தை மீண்டும் பார்க்க நினைப்பவர்கள் அதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டாம். முதலில் 'தி பார்ட்டிங் ஆஃப் தி வேஸ்' கதையையும் அதற்கு முந்தைய பகுதியையும், பிறகு 'தி ஃபயர்ஸ் ஆஃப் பாம்பேய்' கதையையும், 'தி எண்ட் ஆஃப் டைம்' இரண்டு பகுதிகளையும் பார்த்துவிட்டு, மெக்கானின் ஏழு நிமிடங்களைத் தொடர்ந்து இதற்கு வரலாம். பாம்பேய் கதையில் டாக்டர் காப்பாற்றும் குடும்பத்தின் தலைவராக நடித்திருப்பவர் பீட்டர் கபால்டி என்பதையும் கவனியுங்கள். இந்த வரிசையில் பார்த்த பிறகும் மொஃபட் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றினால், 'தி எண்ட் ஆஃப் டைம்' கதையை வைத்து வாதாடுங்கள். எக்கில்ஸ்டனின் மறுப்பை வைத்து வாதாடுவதைவிட அதில் உங்கள் கை ஓங்கியிருக்கும்.